முப்பத்தாறு வலைப்பைகள்

9-6-2022 — 1 — ரூ. 1,400
17-8-2022 — 6 — ரூ. 8,400
23-1-2023 — 36 — ரூ. 50,400
4-2-2023 — 61,300 — 0
10-7-2023 — 120 — ரூ. 1,80,000
14-10-2024 — 410 — ரூ. 6,56,000

பிள்ளையார்பாளையத்துத் திருஞானசம்பந்தத்தின் நோட்டில் இந்த ஆறு வரிகளும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. தேதிக்கு அடுத்த எண் அவர் நெய்து கொடுத்த வலைப்பைகள், அடுத்தது அதற்கு வந்த தொகை. நான்காவது வரி மட்டும் வேறு. 61,300 என்பது கொடுவா மீன்குஞ்சுகள். 0 என்பது அன்று காலை ஏழு மணிக்கு அவற்றில் உயிரோடு இருந்தவை. அந்த வரியை எழுதும்படி யாரும் அவரிடம் சொல்லவில்லை. எழுதாமல் இருக்க முடியவில்லை, எழுதினார்.

அவருக்கு அப்போது அறுபத்திரண்டு வயது. பதினான்கு வயதில் தறிக்குழியில் காலை விட்டவர். பட்டுப்புடவையின் உடலையும் கரையையும் வேறு வேறு நிறத்தில் நெய்து, இரண்டையும் இழையோடு இழை கோத்து ஒன்றாக்கும் கோர்வை வேலையில் அவர் கைக்குத் தெருவில் நல்ல பெயர் உண்டு. மீனோடு அவருக்கு எந்தச் சம்பந்தமும் கிடையாது. வீட்டில் மீன் சமைத்ததும் இல்லை.

மீனைக் கொண்டுவந்தவன் ஜோசுவா. டெம்போ ஓட்டும் தேவசகாயத்தின் மகன். மீன்வளம் படித்தவன், கடலோரத்து இறால் பண்ணைகளில் இரண்டு வருடம் வேலை பார்த்தவன். ஊருக்குத் திரும்பி ஏனாத்தூரில் ஒரு பழைய கிடங்கை வாடகைக்குப் பிடித்து, பன்னிரண்டு தார்ப்பாய்த் தொட்டிகளை நிறுத்தி, லாரியில் கடல்நீர் கொண்டுவந்து நிரப்பினான். கடலே இல்லாத ஊரில் கடல்மீன் வளர்க்கிறான் என்று சிரிக்காத ஆள் இல்லை. ஆனால் அவன் கணக்கு சரியாகத்தான் இருந்தது. கடலோரத்தில் கூண்டு கட்டிக் கொடுவா வளர்ப்பவர்கள் பெருகிக்கொண்டிருந்தார்கள். நகத்தளவு குஞ்சை வாங்கிக் கூண்டில் விட்டால் பாதிகூடத் தேறாது. அதை விரல் நீளத்துக்கு வளர்த்துக் கொடுக்க ஒருவன் வேண்டும். கடற்கரையில் நிலத்துக்குக் கேட்கும் குத்தகையில் பத்தில் ஒரு பங்குக்கு ஏனாத்தூரில் கிடங்கே கிடைத்தது.

கொடுவாவுக்கு ஒரு குணம். கூடப் பிறந்ததில் ஒன்று கொஞ்சம் முந்திவிட்டால் பிந்தியதை விழுங்கிவிடும். அதனால் நான்கு நாளைக்கு ஒருமுறை வலையில் அள்ளிப் பெரியது சிறியது பிரிக்க வேண்டும். கடையில் வாங்கிய வலைப்பைகளில் தையல் இருக்கும். அந்தத் தையலில் குஞ்சின் செவுள் மாட்டும், காயம் படும், இரண்டாம் நாள் செத்து மிதக்கும்.

ஜோசுவாவின் அக்கா கல்யாணத்துக்குப் புடவை எடுக்க அவன் அம்மா மேரியோடு சம்பந்தத்தின் வீட்டுக்கு வந்திருந்தான். புடவையைப் பிரித்துப் போட்டதும் நிறத்தைப் பார்க்காமல் கரையும் உடலும் சேரும் இடத்தையே விரலால் தடவிக்கொண்டிருந்தான்.

"ஐயா, இது தைக்கலயே, எப்படி ஒட்டிக்கினு இருக்குது?"

"தைச்சா அது கோர்வை இல்ல தம்பி, கோணிப்பை."

"இதே மாதிரி நைலான்ல ஒரு பை நெய்ய முடியுமா? அடி பொடிக்கண்ணு, மேல பெரிய கண்ணு. நடுவுல தையலே இருக்கக் கூடாது."

மேரி தலையில் அடித்துக்கொண்டாள். "டேய், அக்காவுக்குப் புடவை பார்க்க வந்தியா, உன் மீனுக்குப் பார்க்க வந்தியா?"

எல்லோரும் சிரித்தார்கள். சம்பந்தம் மட்டும் சிரிக்கவில்லை. அன்று மாலையே நைலான் இழை வாங்கிவரச் சொன்னார். நீளவாட்டில் ஓடும் இரண்டு பாவு இழைகளைக் குறுக்கே ஓடும் ஊடையின் மேல் ஒருமுறை முறுக்கிவிட்டால் வலைக்கண் நகராது என்று கண்டுபிடிக்க அவருக்குப் பதினோரு நாள் ஆனது. முதல் பையைத் தொட்டியில் இறக்கி, குஞ்சுகளை அள்ளி, பத்தே நிமிடத்தில் சிறியவை எல்லாம் கீழே நழுவிப் பெரியவை மட்டும் மேலே நின்றபோது, ஜோசுவா அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். சட்டையெல்லாம் உப்புத்தண்ணீர்.

அப்போது அங்கே இன்னொருத்தியும் இருந்தாள். ஜோதிகா. தென்னேரிக்காரி. வயது இருபத்திமூன்று. தண்ணீரைச் சோதிப்பது, காற்று மோட்டார்களைக் கவனிப்பது, இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் பதிவேட்டில் எழுதுவது எல்லாம் அவள் பொறுப்பு. அந்தப் பதிவேட்டைச் சம்பந்தம் ஒருமுறை புரட்டிப் பார்த்திருக்கிறார். ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. எழுதிய நேரம்கூட நிமிடக் கணக்கில் இருந்தது. அவர் மனதில் அவளைப் பற்றி முதலில் விழுந்தது அந்த மரியாதைதான்.

பைகள் ஆறு ஆயின. பிறகு ஜோசுவாவுக்கு அடுத்த யோசனை வந்தது. பிரிப்பதற்கு மட்டும் ஏன்? குஞ்சுகளை அந்தப் பைகளிலேயே இரவும் பகலும் விட்டு வளர்த்தால், தொட்டிக்கு மூன்று பை, மூன்று அளவு, ஒன்றை ஒன்று தின்னவே முடியாது. முப்பத்தாறு பை கேட்டான்.

முப்பத்தாறு பைக்கு நீளப் பாவு வேண்டும். நீளப் பாவில் நைலான் வழுக்கியது, தொய்ந்தது, இழை அறுந்தது. பட்டுப்பாவாக இருந்தால் என்ன செய்வாரோ அதைச் செய்தார். விடிந்ததும் தெருவில் பாவை நீட்டிக் கட்டி, அரிசிக்கஞ்சியைக் கெட்டியாகக் காய்ச்சி, நாலு பேரை வைத்து பிரஷ்ஷால் இழுத்து இழுத்துப் பூசினார். பக்கத்து வீட்டுக் குமாரவேல் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, "இன்னா மாமா, மீனுக்குப் பட்டுப்பாவாடையா? சடங்கு எப்போ?" என்று கேட்டான். வெயிலில் பாவு விறைத்து நின்றது. தறியில் ஒரு இழைகூட அறுபடவில்லை.

கஞ்சி என்பது துணியின் மேல் இருக்கிற வேறொரு பொருள் என்று நெய்கிறவனுக்குத் தோன்றாது. அது பாவின் முறுக்கு, புடவையின் மொடமொடப்பு. வாங்குகிறவர்கள் அதைத் தொட்டுத்தான் விலை பேசுகிறார்கள். அலசி எடுத்துவிட்டுக் கொடுக்க வேண்டும் என்ற நினைப்பே சம்பந்தத்துக்கு வரவில்லை.

ஜனவரி இருபத்திமூன்றாம் தேதி பைகளைக் கொடுத்தார். முப்பதாம் தேதி குஞ்சுகளை அவற்றில் விட்டார்கள். பிப்ரவரி நான்காம் தேதி, சனிக்கிழமை, பைகள் எப்படி இருக்கின்றன என்று பார்த்துவரலாமென ஏனாத்தூருக்கு பஸ் ஏறினார்.

கிடங்கு வாசலிலேயே ஜோசுவாவின் குரல் கேட்டது.

"ராத்திரி மோட்டாரைப் பார்த்தியா, தூங்கினியா? உண்மையைச் சொல்லு!"

"பார்த்தேன் சார். ரெண்டு மணிக்கும் பார்த்தேன், நாலு மணிக்கும் பார்த்தேன். ஓடிக்கினுதான் இருந்துது. மூணு நாளா தண்ணி கலங்குதுன்னு உங்ககிட்ட சொன்னேனே. பாதித் தண்ணி மாத்தியும் தெளியல."

பன்னிரண்டு தொட்டிகளிலும் தண்ணீர் அரிசி களைந்த கழுநீர் போல இருந்தது. மேலே வெள்ளையாக, நெருக்கமாக, குஞ்சுகள். எல்லாவற்றின் வாயும் திறந்திருந்தது.

சம்பந்தம் ஒரு பையின் விளிம்பைத் தூக்கினார். விரலில் வழவழப்பாக ஒட்டியது. நாற்றம் மூக்கில் ஏறியது. மற்றவர்களுக்கு அது செத்த மீன் நாற்றம். அதற்கு அடியில் இன்னொன்று இருந்தது அவருக்கு மட்டும் தெரிந்தது. பிரஷ் ஊறிய கஞ்சிப்பானையை மூன்று நாள் மறந்துவிட்டால் வருகிற புளித்த வாடை. ஐம்பது வருடமாக அவருக்குத் தெரிந்த வாடை.

ஜோதிகா அவர் முகத்தைப் பார்த்தாள். அழுத கண். ஆனால் கேள்வி நிதானமாக வந்தது.

"ஐயா, இந்த வலையில எதனா தடவினீங்களா?"

"நைலான்மா இது. நைலான்ல இன்னாத்த தடவுறது?"

அவ்வளவுதான் சொன்னார். சொல்லும்போதே நாலு வீட்டுத் தறிகளில் அடுத்த பைகளுக்கான நைலான் பாவு ஏறியிருப்பது ஞாபகம் வந்தது. குமாரவேல் பட்டு ஏற்றாமல் நைலானை நம்பி உட்கார்ந்திருப்பது ஞாபகம் வந்தது. அதெல்லாம் பிற்பாடு அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்ட காரணங்களாகவும் இருக்கலாம். பொய் முதலில் வந்துவிட்டது, காரணம் பின்னால் வந்தது.

அன்று மத்தியானமே ஜோதிகாவை அனுப்பிவிட்டார்கள். கடலோரத்தில் ஜோசுவாவிடம் குஞ்சு வாங்குகிற பண்ணைகள் ஏழு. பணியாளரின் கவனக்குறைவால் இழப்பு ஏற்பட்டது, அவர் நீக்கப்பட்டார் என்று ஏழுக்கும் அவள் பெயர் போட்டு ஜோசுவா கடிதம் எழுதினான். மீன் தொழிலில் அது சின்ன வட்டம். ஏழு பேருக்குத் தெரிந்தால் எல்லோருக்கும் தெரிந்த மாதிரி.

சம்பந்தம் அதற்குப் பிறகு ஒரு பைக்கும் கஞ்சி போடவில்லை. இழையைத் தண்ணீரில் நனைத்து, பாவில் கனம் தொங்கவிட்டு நெய்தார். வேலை இரண்டு மடங்கு. "புது முறை தம்பி, இழை இன்னும் உறுதியா நிக்கும்" என்று ஜோசுவாவிடம் சொன்னார். அவன் ஒரு நொடி அவரைப் பார்த்துவிட்டு, "சரிங்க ஐயா" என்றான். வேறெதுவும் கேட்கவில்லை.

அந்த முறையில் வளர்ந்த குஞ்சுகளில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் தேறின. தொட்டிகள் பன்னிரண்டிலிருந்து நாற்பதாயின. ஏழு பண்ணைகளும் தங்களுக்கே நேராகப் பைகள் கேட்டன. பிள்ளையார்பாளையத்தில் ஒன்பது தறிகளில் நைலான் ஏறியது. ஒரு கண்காட்சியில் ஜோசுவாவுக்குப் பரிசு கொடுத்தார்கள். மேடையில் அவன் சம்பந்தத்தைக் கூப்பிட்டுப் பொன்னாடையை அவர் தோளில் மாற்றிப் போட்டான். கைதட்டினார்கள். பொன்னாடை மொடமொடவென்று இருந்தது. அவர் அதை வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. பஸ்ஸில் விட்டுவிட்டு இறங்கினார்.

வீட்டில் அவர் பழைய சோறு சாப்பிடுவது நின்றது. மூடி திறந்தால் அந்த வாடை. "அம்பது வருஷமா குடிச்ச நீராகாரம் இப்ப இன்னா ஒத்துக்கல?" என்று மனைவி காமாட்சியம்மாள் கேட்டுப் பார்த்தாள், பிறகு விட்டுவிட்டாள். அவருக்கு மீன்கள் கனவில் வரவில்லை. வந்திருந்தால் தேவலை என்று நினைத்தார். வந்தது அந்தக் குரல்தான். தறியில் ஊடையை இழுத்துப் போகும் நாடா ஒரு ஓரத்தில் நின்று மறு ஓரத்துக்குப் புறப்படுவதற்கு முன் ஒரு சின்ன அமைதி உண்டு. அதில் வரும். எதனா தடவினீங்களா? நாடா போகும், வரும், நிற்கும். எதனா தடவினீங்களா?

ஒருநாள் மனைவி கூடத்திலிருந்து, "ஏங்க, முட்டிக்கு எதனா தடவினீங்களா?" என்று சாதாரணமாகக் கேட்டாள். அவர் கையிலிருந்த டம்ளர் விழுந்து உருண்டது.

"இன்னா ஆச்சு?"

"ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லாததுக்கா இப்படி வேர்க்குது?"

2024 நவம்பர் பன்னிரண்டாம் தேதி. உறவில் ஒரு நிச்சயதார்த்தம். காமாட்சியம்மாள் காந்தி ரோட்டில் ஒரு பெரிய ஜவுளிக்கடைக்கு அவரை இழுத்துப் போனாள். பருத்திப் பிரிவில் வரிசையாக ஒரே நிறப் புடவை கட்டிய விற்பனைப் பெண்கள். மூன்றாவதாக நின்று மடிப்புக் கலைத்துக் காட்டிக்கொண்டிருந்தவள் ஜோதிகா.

அவள் முன்னால் உட்கார்ந்திருந்த வேறொரு அம்மாள் புடவையை நெருடிப் பார்த்து, "இவ்ளோ முரடா இருக்குதே" என்றாள்.

"அது கஞ்சிம்மா. தண்ணியில ஒருதரம் அலசினா போயிடும்" என்றாள் ஜோதிகா.

சொல்லிவிட்டு நிமிர்ந்தாள். கண்ணாடிப் பலகைக்கு இந்தப் பக்கம் நின்ற சம்பந்தத்தைப் பார்த்தாள். கோபம் இல்லை, திடுக்கிடல் இல்லை. வாடிக்கையாளரைப் பார்ப்பது போலத்தான் பார்த்தாள். தெரிந்து சொன்னாளா, வழக்கமான வியாபாரப் பேச்சா என்று கண்டுபிடிக்க அந்த முகத்தில் ஒன்றுமே இல்லை. மனைவி புடவை எடுத்து முடிப்பதற்குள் அவர் ரோட்டுக்கு வந்துவிட்டார். நூறு அடி நடந்த பிறகுதான் செருப்பை வாசலில் விட்டது தெரிந்தது.

ஆறாம் நாள் ஏனாத்தூருக்குப் போனார். ஜோசுவாவுக்கு இப்போது குளிர்சாதன அறை இருந்தது. உட்காரச் சொன்னான். அவர் நின்றுகொண்டே சொன்னார்.

"தம்பி, அன்னிக்கு அந்தக் குஞ்சுங்க செத்தது மோட்டாரால இல்ல. நான் பாவுக்குக் கஞ்சி போட்டேன். அது தண்ணியில ஊறிப் புளிச்சுது. அந்தப் பொண்ணு மேல ஒரு தப்பும் இல்ல."

ஜோசுவா பேனாவை மூடினான்.

"தெரியும் ஐயா."

நின்றவர் அப்போதுதான் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"அந்த வாரமே ஒரு பையை வெந்நீர்ல ஊறவெச்சு, அந்தத் தண்ணியில டிஞ்சர் அயோடின் ரெண்டு சொட்டு விட்டேன். கருநீலமாச்சு. மாவுச்சத்து இருந்தா அப்படித்தான் ஆகும். அது புளிச்சா தண்ணியில இருக்கிற காத்தை எல்லாம் உறிஞ்சிடும், மோட்டார் ஓடினாலும் பத்தாது."

"தெரிஞ்சுமா அந்தப் பொண்ணை...?"

"கடிதம் போய்ச் சேர்ந்துடுச்சு ஐயா. அதுவும் இல்லாம யோசிச்சுப் பாருங்க. வலை கெட்டதுன்னு எழுதினா வலையும் போச்சு, நானும் போனேன், உங்க தெருவும் போச்சு. பொண்ணு கவனிக்கலைன்னு எழுதினா அந்த ஒரு ஆளோட முடிஞ்சுது." பேனாவை மேசையில் வைத்துவிட்டு, "நீங்க சொல்லல. அதனால நானும் சொல்லல" என்றான்.

அதில் கேலி இல்லை. அதுதான் அவரை அடித்தது. இருபத்தொரு மாதம் தான் ஒருவர் மட்டுமே சுமந்ததாக நினைத்த பாரத்தின் மறுமுனையை அவன் பிடித்துக்கொண்டு கூடவே நடந்திருக்கிறான். பாவின் இரண்டு முனை மாதிரி. நடுவில் கட்டுண்டு கிடந்தவள் ஜோதிகா.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினார். பைகளை பார்சல் அனுப்பியதால் ஏழு பண்ணைகளின் முகவரியும் அவரிடம் இருந்தது. ஜோதிகாவின் தென்னேரி முகவரியை அவள் வேலை பார்க்கும் ஜவுளிக்கடையில் கேட்டு வாங்கினார். எட்டுத் தாள்கள். ஒவ்வொன்றிலும் நுனி முதல் அடி வரை ஒரே வாசகம். எந்தத் தேதியில் எத்தனை படி அரிசிக் கஞ்சி, எத்தனை கஜம் பாவு, எத்தனை பை, எப்போது கொடுத்தது, எப்போது தொட்டியில் இறக்கியது, எத்தனை குஞ்சு. தண்ணீர் கலங்கியதை ஜோதிகா மூன்று நாள் முன்பே சொன்னது. கேட்டபோது தான் பொய் சொன்னது. கீழே முழுப்பெயர், கையெழுத்து, தேதி. ஒன்றிலிருந்து ஒன்று ஒரு எழுத்து மாறாமல் சரிபார்த்தார். நவம்பர் இருபத்தைந்தாம் தேதி எட்டையும் பதிவுத் தபாலில் போட்டார்.

பத்து நாளில் ஐந்து பண்ணைகள் பை வேண்டாம் என்றன. ஒன்பது தறிகளில் ஆறு நின்றன. குமாரவேல் வாசலில் நின்று தெருவே கேட்கக் கத்தினான்.

"ரெண்டு வருஷம் வாயை மூடிக்கினு இருந்தியே மாமா, இன்னும் ரெண்டு வருஷம் மூட முடியலயா? உன் மனசைக் கழுவ எங்க வீட்டுப் பானைதான் கிடைச்சுதா?"

அவன் அவரை 'நீ' என்று ஒருமையில் பேசியது அதுதான் முதல் தடவை. காமாட்சியம்மாள்தான் வெளியே போய், "உள்ள வந்து காபி குடிச்சிட்டுத் திட்டுப்பா" என்றாள். அவன் வரவில்லை. அடுத்த வாரம் மறுபடி பட்டு ஏற்றிக்கொண்டான். ஆனால் தெருவில் பாவு நீட்டும்போது முனை பிடிக்க இவரைக் கூப்பிடுவது நின்றுபோனது.

ஜோசுவா வரவும் இல்லை, போன் செய்யவும் இல்லை.

பண்ணைகளிடமிருந்து பதில்கள் ஒவ்வொன்றாக வந்தன. இரண்டு பேர் திட்டியிருந்தார்கள். ஒருவர் கஞ்சி போடாத பை என்றால் இன்னும் இருபது அனுப்புங்கள் என்றிருந்தார். பழவேற்காட்டுப் பண்ணைக்காரர் மட்டும் அந்தப் பெண்ணின் போன் எண் கேட்டிருந்தார். தபால்காரர் மணி அடிக்கும்போதெல்லாம் சம்பந்தம் எழுந்து போனார். தென்னேரியிலிருந்து ஒப்புகை அட்டை மட்டும் வந்திருந்தது. அதில் அவள் கையெழுத்து இருந்தது. வாங்கிக்கொண்ட நேரத்தையும் எழுதியிருந்தாள். காலை 11.40.

அவர் எதிர்பார்த்தது என்ன என்று அவருக்கே சரியாகத் தெரியாது. ஒரு வசவு வந்தால் போதும் என்றிருந்தது. நாடா நிற்கும் அமைதியில் அந்தக் கேள்வி இன்னும் வந்துகொண்டுதான் இருந்தது. சொல்லிவிட்டேனே, எழுதிவிட்டேனே என்று அதற்குப் பதில் சொல்லிப் பார்த்தார். அது காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

கடைசியில் கடிதம் வந்தது. அரைப் பக்கம். சாய்வில்லாத, பதிவேட்டு எழுத்து.

'ஐயா அவர்களுக்கு, உங்கள் கடிதம் கிடைத்தது. பழவேற்காட்டில் எனக்கு வேலை கொடுத்திருக்கிறார்கள். திங்கட்கிழமை சேர்கிறேன். அவர்களிடம் வந்த கடிதத்தைக் காட்டினார்கள். என்னிடம் இருப்பதையும் அதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டும் ஒன்றுதான். எட்டுப் பேருக்கும் இதையே எழுதினீர்கள் என்று கேள்விப்பட்டேன். எல்லாக் கணக்கும் சரியாக இருக்கிறது. தேதிகளில் ஒரு பிழையும் இல்லை. எனக்கு எழுதியதில் மட்டும் இரண்டு வார்த்தை கூடுதலாக இருக்குமென்று இரண்டு மூன்று தடவை படித்தேன். இல்லை. இனி இந்த முகவரியில் இருக்க மாட்டேன். எழுத வேண்டாம். ஜோதிகா.'

அவர் தன் பிரதியை எடுத்து விளக்கடியில் வைத்து, விரலை வரிவரியாக வைத்துப் படித்தார். அவள் சொன்னது சரி. அந்த இரண்டு வார்த்தை எந்த வரியிலும் இல்லை. எழுதிய அன்று அது விட்டுப்போனதாகத் தோன்றவே இல்லை. ஒரு வெள்ளைத்தாளை எடுத்து 'என்னை மன்னித்துவிடு' என்ற அந்த இரண்டு வார்த்தையை எழுதினார். மடித்து உறையில் போட்டார். உறையின் மேல் எழுத அவள் வீட்டு முகவரி இனி உதவாது. பழவேற்காட்டுப் பண்ணை முகவரி நோட்டில் இருந்தது. பேனாவை அந்தப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். எழுத வேண்டாம் என்று அவள் சொல்லியிருந்தாள். அவள் சொன்னதை ஒருதரமாவது கேட்க வேண்டும் என்று பேனாவை மூடினார்.

பிறகு நோட்டைத் திருப்பி, கடிதம் வந்து சேர்ந்த நாளை மட்டும் எழுதினார்: 9-1-2025, வியாழக்கிழமை.